பருமன் – பழி யாருக்கு?

ஏழாம் வகுப்பில் நான் படித்த பள்ளி வேறோர் ஊரில் இருந்தது. அங்கே ஆண்டுக்கொருமுறை எடை பார்க்கும் நாள் வரும். இரும்பு எந்திரத்தை வராந்தாவில் கொண்டுவந்து வைப்பார்கள். நாங்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக ஏறுவோம். ஒரு டீச்சர் முள்ளைப் பார்த்து எடையை உரக்கச் சொல்ல, இன்னொருவர் பதிவேட்டில் எழுதுவார். என் முறை வந்தபோது, “ஐம்பத்தெட்டு! அம்மாடி, எந்திரம் உடைந்துவிடப்போகிறது” என்றார் முள்ளைப் பார்த்தவர். வராந்தா முழுதும் சிரித்தது. அவரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பது இன்று எனக்குத் தெரிகிறது. ஆனால் அன்று முதல் அந்த ஆண்டு முடியும்வரை நான் “அரிசி மூட்டை”. விளையாட்டுப் பீரியடில் வயிற்றுவலி என்று சொல்லி வகுப்பிலேயே உட்கார்ந்துகொள்வேன். மதியச் சோற்றைப் பாதியில் மூடிவைத்துவிட்டு, மாலையில் பசி தாங்காமல் கடையில் பன்னும் கலரும் வாங்கிச் சாப்பிடுவேன். எடை குறையவில்லை, கூடிற்று.

இந்தப் பழைய கதையை ஆண்டு மலரில் எழுதக் காரணம் இருக்கிறது. இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, “டீச்சர், நான் விளையாட்டு விழா அணிவகுப்பில் நிற்கவில்லை” என்றாள். காரணம் கேட்டேன். பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்க வேண்டிய தேவையே இல்லை, எனக்குத் தெரியும். நாற்பது ஆண்டு கழிந்தும் நாம் இந்த விஷயத்தில் சிரிப்பைத் தவிர வேறெதையும் கண்டுபிடிக்கவில்லையா?

உடற்பருமன் என்றதும் நாம் உடனே சொல்வது என்ன? “வாயைக் கட்டத் தெரியவில்லை”, “சோம்பேறி”, “வளர்த்த விதம் அப்படி”. பழியைப் பிள்ளையின் மேலோ தாயின் மேலோ போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். சற்று எண்ணிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் உலக மக்களில் எட்டுப் பேருக்கு ஒருவர் உடற்பருமன் உடையவர். 1990-லிருந்து கணக்கிட்டால் வளர்ந்தோரிடையே இது இரண்டு மடங்குக்கு மேலாகவும், சிறுவர் சிறுமியரிடையே நான்கு மடங்காகவும் பெருகியிருக்கிறது. முப்பதே ஆண்டுகளில் மெக்சிகோவிலும் எகிப்திலும் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் மக்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மன உறுதியை இழந்து பெருந்தீனிக்காரர்கள் ஆகிவிட்டார்களா? மனித சுபாவம் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. மாறியவை வேறு. சர்க்கரையும் எண்ணெயும் உப்பும் சேர்ந்த பாக்கெட் தின்பண்டம் பழத்தைவிட மலிவாயிற்று. அது ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் எந்தப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. நடந்து போன இடத்துக்கு வண்டியில் போகிறோம், ஓடி விளையாடிய தெருவில் கார்கள் நிற்கின்றன. இவற்றில் எதையாவது ஏழாம் வகுப்புப் பிள்ளை தீர்மானித்ததா?

நம் வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள் என்று தெரியவந்தது. அதற்கு முந்தைய ஆய்வில் இது நூற்றுக்கு 31-ஆக இருந்தது. அதே ஆய்வில் இதே வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை! பருத்த உடல் நன்றாக உண்ட உடல் என்று நாம் நினைத்தால் அது எவ்வளவு பெரிய தவறு! வயிறு நிறைகிறது, இரத்தம் ஊறவில்லை. மனையியல் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவியர் நம்பாமல் பார்க்கிறார்கள். யுனிசெப் நிறுவனமும் 2025-இல் ஒரு செய்தியை வெளியிட்டது. 5 முதல் 19 வயதுவரையுள்ளோரில் எடை குறைந்த பிள்ளைகளைவிடப் பருமன் உடைய பிள்ளைகள் உலக அளவில் முதல்முறையாக அதிகமாகிவிட்டனர் என்பதே அது.

தனிமனிதரின் வாயைக் கட்டச் சொல்வதோடு நில்லாமல், அரசே தலையிட்டு என்ன செய்ய முடியும்? இதற்கு விடை தேடும்போது நான் அதிகம் நம்புவது தென்னமெரிக்காவில் உள்ள சிலி நாட்டை. அமெரிக்கா, இங்கிலாந்து என்றே பேசிப் பழகிய நமக்கு, பசிபிக் கடலோரமாக நாடாவைப்போல் நீண்டு கிடக்கும் அந்தச் சிறு நாடு ஒரு பாடம் வைத்திருக்கிறது.

சிலியில் பிள்ளைகளின் பருமன் பெருகியபோது, குவீதோ கிரார்தி என்ற செனட்டர் ஒரு சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் போராடினார். அவர் தொழிலால் மருத்துவர். உணவுக் கம்பெனிகள் எதிர்த்தன. முதலில் கொண்டுவந்த மசோதாவை 2011-இல் அந்நாட்டு அதிபரே தடுத்துவிட்டார். பின்னர் 2012-இல் சட்டம் நிறைவேறி, 2016 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. அப்போது அதிபராக இருந்தவர் மிச்செல் பாச்லே என்ற பெண்மணி. அவரும் குழந்தை மருத்துவம் பயின்றவர் என்பதை நம் மாணவியர் குறித்துக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்லிற்று? பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் சர்க்கரை, உப்புச்சத்து, கெட்ட கொழுப்பு, கலோரி இவற்றுள் எது வரம்புக்கு மேல் போனாலும், பொட்டலத்தின் முன்பக்கத்தில் கறுப்பு நிற எண்கோண முத்திரை குத்த வேண்டும். சாலையில் “நில்” என்று காட்டும் பலகையின் வடிவம் அது. அதில் “சர்க்கரை மிகுதி”, “உப்பு மிகுதி” என்று இரண்டே சொல், கீழே சுகாதார அமைச்சகத்தின் பெயர். நான்கும் மிகுதி என்றால் நான்கு முத்திரைகள். வரம்பையும் ஒரேயடியாக வைக்காமல் படிப்படியாக இறுக்கினார்கள். நூறு கிராம் திடப்பொருளில் சர்க்கரை 22.5 கிராம் வரை போகலாம் என்று 2016-இல் தொடங்கி, 2018-இல் 15 கிராமாகவும், 2019-இல் 10 கிராமாகவும் குறைத்தனர்.

முத்திரையோடு விட்டிருந்தால் நான் இவ்வளவு புகழ மாட்டேன். முத்திரை பெற்ற எதையும் பள்ளிக்கூடத்துக்குள் விற்கக்கூடாது. அதற்குப் பிள்ளைகளை ஈர்க்கும் விளம்பரம் கூடாது. பெட்டியின்மேல் கார்ட்டூன் படம் கூடாது. பொம்மையை இலவசமாகக் கொடுத்து ஆசை காட்டக்கூடாது. காலை உணவுப் பெட்டியில் சிரித்துக்கொண்டிருந்த புலி மறைந்தது. உள்ளே பொம்மை வைத்த சாக்லேட் முட்டை கடையைவிட்டே போயிற்று. 2018 முதல் காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை தொலைக்காட்சியில் இத்தகைய பண்டங்களின் விளம்பரமே வரக்கூடாது என்றும் விதித்தார்கள். கம்பெனிகள் சில நீதிமன்றம் ஏறின. அரசு அசையவில்லை.

பலன் கண்டதா? சட்டம் வந்த பிறகு, முத்திரை பெற வேண்டிய சர்க்கரைப் பானங்களை வீடுகள் வாங்குவது ஏறக்குறைய 24 சதவீதம் குறைந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். முத்திரைக்குப் பயந்து கம்பெனிகளே சர்க்கரையையும் உப்பையும் குறைத்தன. எனக்கு மிகவும் பிடித்தது இவற்றைவிடச் சிறிய செய்தி. தாய்மார்களை அழைத்து ஆய்வாளர்கள் பேசியபோது, பள்ளியில் முத்திரையைப் பற்றிக் கற்றுக்கொண்ட சின்னஞ்சிறு பிள்ளைகளே, “அம்மா, இதில் கறுப்பு முத்திரை இருக்கிறது, வேண்டாம்” என்று கடையில் சொல்வதாகத் தெரியவந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் புரிகிற சட்டம் எத்தனை உண்டு?

குறையையும் மறைக்கக்கூடாது. சிலியில் பருமன் ஒழிந்துவிடவில்லை. சர்க்கரையை எடுத்துவிட்டுச் செயற்கை இனிப்பைச் சேர்த்த பானங்கள் அங்கே பெருகிவிட்டன. ஒன்றை அடைத்தால் இன்னொன்றில் ஒழுகும் கூரை போலத்தான் இது. ஆனாலும் பெரு, உருகுவே, மெக்சிகோ, அர்ஜென்டினா என்று லத்தீன் அமெரிக்க நாடுகள் பல அந்த எண்கோணத்தை எடுத்துக்கொண்டன என்றால், அதில் ஏதோ இருக்கிறது.

இனி வரி. மெக்சிகோ 2014 ஜனவரி முதல் தேதியிலிருந்து இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. முதல் ஆண்டில் வாங்குவது 5.5 சதவீதமும், இரண்டாம் ஆண்டில் 9.7 சதவீதமும் குறைந்ததாக ஆய்வு கூறிற்று. அதிகம் குறைத்தவர்கள் ஏழைகள். “ஏழையின் தலையில்தானே வரி விழுகிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நீரிழிவும் ஏழையின் தலையில்தான் விழுகிறது. அதற்கு ஆகும் மருந்துச் செலவு இந்த வரியைப்போல் லிட்டருக்கு ஒரு பெசோ அன்று. ஏழைக்குப் பானத்தை விலையேற்றினால் நல்ல தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதே என் கட்சி.

இங்கிலாந்து இதில் இன்னும் சாமர்த்தியம் காட்டிற்று. 2016-இல் அறிவித்து, 2018 ஏப்ரலில்தான் வரியை வசூலிக்கத் தொடங்கியது. நூறு மில்லி பானத்தில் சர்க்கரை 5 கிராமுக்குக் கீழே இருந்தால் வரியே இல்லை. தொடக்கத்தில் 5 முதல் 8 கிராம் வரை லிட்டருக்கு 18 பென்ஸாக இருந்தது. அதற்கு மேல் 24 பென்ஸாக இருந்தது. இரண்டு ஆண்டு அவகாசத்தில் கம்பெனிகள் ஓடி ஓடிச் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. குடிப்பவர் ஒன்றும் செய்யாமலே அவர் குவளையில் சர்க்கரை குறைந்தது! பிற்பாடு செய்த ஓர் ஆய்வு, வரி இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையோடு ஒப்பிட்டு, 10, 11 வயதுச் சிறுமியரிடையே பருமன் 8 சதவீதம் குறைவு என்று கண்டது. ஆண்டுக்கு ஏறக்குறைய 5,000 சிறுமியர். வறிய பகுதிச் சிறுமியருக்கே நன்மை அதிகம். சிறுவரிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. பெண்கள் பள்ளி மலரில் இதை எழுத எனக்கு ஏன் ஆசை என்று இப்போது புரிந்திருக்கும்.

டென்மார்க்கின் கதை வேறு. 2011 அக்டோபரில் வெண்ணெய், பாலாடைக்கட்டி, இறைச்சி என்று நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த பண்டங்களுக்கு வரி போட்டார்கள். மக்கள் எல்லையைத் தாண்டி ஜெர்மனிக்குப் போய் வெண்ணெய் வாங்கி வந்தார்கள். ஒன்றேகால் ஆண்டில் வரி போயிற்று. ஜப்பானிலோ 2008 முதல் 40 வயதுக்கு மேற்பட்டோரின் இடுப்பை அளக்கிறார்கள். ஆணுக்கு 85 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 90 என்பது அளவு. தாண்டியவருக்கு ஆலோசனை சொல்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அளவுநாடாவைப் பார்த்தாலே எனக்கு அந்த வராந்தா நினைவுக்கு வந்துவிடுகிறது. எனவே இதில் நான் நடுநிலையாகப் பேசத் தகுதியற்றவள்.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமலில்லை. கேரள அரசு 2016-இல் பெரிய கம்பெனிக் கடைகளில் விற்கும் பர்கருக்கும் பீட்சாவுக்கும் 14.5 சதவீதம் வரி விதித்தது. பரோட்டாவும் நேந்திரம் சிப்ஸும் புன்னகையோடு தப்பித்தன! அடுத்த ஆண்டு ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரி அதில் கரைந்தது. இன்றைய ஜி.எஸ்.டி. கதை இன்னும் வேடிக்கை. 2025 செப்டம்பர் 22 முதல் காற்றடைத்த குளிர்பானத்துக்கு 40 சதவீத வரி. சர்க்கரை உள்ளதற்கும் 40, சர்க்கரையே இல்லாததற்கும் 40. ஆனால் நுரை வராத மாம்பழச் சாற்றுப் பானத்துக்கு, அதில் எவ்வளவு சர்க்கரையைக் கொட்டியிருந்தாலும், 5 சதவீதந்தான். நாம் வரி போடுவது சர்க்கரைக்கா, நுரைக்கா? இங்கிலாந்தைப்போல் கிராம் கணக்கில் போட்டிருந்தால் கம்பெனிக்கும் சர்க்கரையைக் குறைக்கும் எண்ணம் வந்திருக்கும்.

முத்திரை விஷயத்திலும் அப்படியே. 2022-இல் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வரைவை வெளியிட்டது. கறுப்பு எண்கோணம் இல்லை, நட்சத்திரம்! நல்ல உணவுக்கு ஐந்து நட்சத்திரம், மோசமான உணவுக்கு அரை நட்சத்திரம். நம் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் என்றால் என்ன பொருள்? நோட்டில் டீச்சர் போடுகிற பாராட்டு. அரை நட்சத்திரம் வாங்கிய பாக்கெட்டும் ஏதோ பரிசு வாங்கியதுபோல் அல்லவா தோன்றும்? நுகர்வோர் அமைப்புகளும் மருத்துவர்களும் இதை எதிர்த்தது சரியே என்பது என் கருத்து.

ஒரு சட்டம் மட்டும் நமக்கு நேரே பொருந்துவது. 2020-இல் அதே ஆணையம் வெளியிட்ட விதிகளின்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக் கேன்டீனில் விற்கக்கூடாது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது. காகிதத்தில் இருக்கிறது. என் தோழி ஒருத்தி வேலை பார்க்கும் பள்ளியில் இந்த விதியைக் காட்டி வாசலில் கூடையோடு உட்கார்ந்திருந்த பாட்டியை எழுப்பிவிட்டார்களாம். அவர் விற்றது நெல்லிக்காய், கொய்யா, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்ப் பத்தை. கேன்டீனில் தொங்கும் பளபளப்புப் பாக்கெட்டுகளோ அப்படியே தொங்குகின்றனவாம். சட்டம் எளியவரை மட்டும் கண்டுபிடிப்பது இது முதல்முறை அன்று.

நம் வீட்டைப் பற்றிப் பேசாமல் ஊரைப் பேசுவது எளிது. எனவே சிஸ்டர் அவர்களின் பொறுமையை நாடி இதையும் எழுதுகிறேன். சென்ற விளையாட்டு விழாவில் நம் மைதானத்தில் பந்தலை இலவசமாகப் போட்டுத் தந்தவர் ஒரு குளிர்பான வினியோகஸ்தர். பந்தல் முழுதும் அந்தப் பானத்தின் பெயர். நூறு மீட்டர் ஓடி முதலாவதாக வந்த பிள்ளைக்குப் பதக்கத்தோடு ஒரு பாட்டில். பந்தல் வாடகை மிச்சமாயிற்று, அந்தப் பணத்தில் நூலகத்துக்கு அலமாரி வந்தது. இதை நான் மறுக்கவில்லை. அலமாரிக்காக மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் மனையியல் வகுப்பில் பானத்தில் எத்தனை கரண்டிச் சர்க்கரை என்று கரும்பலகையில் எழுதும் அதே நான், மைதானத்தில் அந்தப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் எதை நம்புவார்கள்?

பெற்றோருக்கும் ஒரு சொல். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்துவிட்டால் விளையாட்டுப் பீரியடை ஆளுக்கொருவராகக் கடன் வாங்கிக்கொள்கிறோம். கணக்கு டீச்சர் ஒன்று, இயற்பியல் டீச்சர் ஒன்று. திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. “மார்க்குதானே முக்கியம்” என்று நீங்களும் தலையசைக்கிறீர்கள். பெண் வயதுக்கு வந்தபின் மைதானத்தில் ஓடுவதை விரும்பாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. பதினைந்து வயதில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, இருபத்தைந்து வயதில் “ஏன் இப்படிப் பெருத்துவிட்டாய்?” என்று கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்?

நான் கேட்பவை பெரியவை அல்ல. அடுத்த விளையாட்டு விழாவுக்குக் குளிர்பானப் பந்தல் வேண்டாம். வாடகைக்கு ஆகும் தொகையைப் பழைய மாணவியர் சங்கம் ஏற்றுக்கொள்ளுமா என்று நான் இருவரிடம் பேசிப் பார்த்தேன். “பார்க்கலாம்” என்றார்கள், மறுக்கவில்லை. பானகமும் மோரும் எலுமிச்சைச் சாறும் மனையியல் மாணவியர் தயாரிப்பார்கள், சர்க்கரை அளவை என்னிடம் விட்டுவிடுங்கள். பின்கட்டில் இருக்கும் குடிநீர்க் குழாய்களில் மூன்று ஓராண்டாகச் சொட்டுகூட வரவில்லை. கேன்டீன் பாக்கெட்டுக்குத் தடை போடுவதற்கு முன்னால் அவற்றைப் பழுதுபார்க்க வேண்டும். மேல் வகுப்புகளுக்கு வாரம் இரண்டு விளையாட்டுப் பீரியடாவது யாரும் தொடாமல் இருக்கட்டும். எடை பார்க்கும் நாளில் எந்திரம் வராந்தாவில் வேண்டாம், நோயாளிகள் அறைக்குள் ஒவ்வொருவராகப் போகட்டும், எண் நர்ஸம்மாவுக்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரியட்டும்.

அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம் நான் அணிவகுப்பைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஒருநாள் மாலை பின்கட்டில் வளையப்பந்து ஆட ஆள் குறைகிறது என்று மட்டும் சொன்னேன். வந்தாள். என்னை ஆறு ஆட்டத்தில் ஐந்தில் தோற்கடித்துவிட்டு, தண்ணீர் குடிக்கக் குழாயைத் திறந்தாள். அதில்தான் தண்ணீர் வரவில்லை.